பன்னிரண்டாவது பாட்டில்

அந்தத் தெருவில் அவளுக்குப் பாட்டிலக்கா என்று பெயர். வேதியியல் பட்டமும், ஆற்று நீர்த் தர அலுவலகத்தில் கள உதவியாளர் என்ற பதவியும் அவளுக்கு இருந்தன. தெருவுக்கு அதெல்லாம் நீளம். மாடிப்படிக் கம்பியில் ஆறு காலி பாட்டில்கள் தலைகீழாகக் காய்வதை மட்டும்தான் அது பார்த்தது. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மாள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, "பாவம், உங்க வீட்ல யாருக்கு அந்தப் பழக்கம்?" என்று அம்மாவிடமே விசாரித்திருக்கிறாள். அம்மா சிரிக்காமல், "என் பொண்ணுக்குத்தான். ஆத்துத் தண்ணியைத் தவிர வேற எதையும் தொடமாட்டா" என்றாளாம்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். கல்லூரியில் தேறியவர்கள் பட்டியலில் தன் பெயர் வந்தபோதுகூட, அதே பெயரில் இன்னொருத்தி இருக்கிறாளா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குச் சொன்னாள். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. ஏறியது தான்தானா என்ற எண்ணம் முப்பத்தைந்து வயதிலும் அவளை விடவில்லை. மேலதிகாரி கூப்பிட்டால், ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் எழுந்து போவாள். கல்யாணத்துக்கு வந்த இரண்டு இடத்தையும் துருவித் துருவிக் கேட்டே ஓட வைத்தாள். அக்காவுக்கு முடியட்டும் என்று தம்பியும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தம்பி ஊரின் ஒரே காகித ஆலையில் வேலை பார்த்தான். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது அப்பா இறந்துபோனார். ஒருவர் படிப்பை நிறுத்தியாக வேண்டும் என்ற நிலைமை. யார் என்று வீட்டில் பேச்சே நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் தம்பி சாப்பாட்டு டப்பாவோடு ஆலைக்குக் கிளம்பினான், அவ்வளவுதான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பதினாறு வருடமாகக் கழிவுநீர்ப் பிரிவில் இருக்கிறான். ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்றைச் சுற்றுவது அவன் வேலை. ஒரு பக்கம் சுற்றினால் வால்வு திறந்து ஆலையின் கழிவுநீர் ஆற்றுக்குப் போகும். மறு பக்கம் சுற்றினால் மூடிக்கொண்டு உள்ளே தேக்கத் தொட்டியில் நிற்கும். ஆக, தம்பி விடும் தண்ணீரை அக்கா பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள். "உங்க குடும்பமே அந்தத் தண்ணியிலதான் பிழைக்குது" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அந்த வருடம் அரசாங்கம் நாட்டின் எல்லா ஆறுகளையும் துண்டு துண்டாகப் பிரித்துத் தரம் போடும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எந்தத் துண்டைக் குடிக்க எடுக்கலாம், எதை வயலுக்கு மட்டும் விடலாம், எதைச் சில வருடம் தொடாமல் ஆற விட வேண்டும் என்று அந்தத் தரம்தான் முடிவு செய்யும். ஒரு துண்டுக்கு வருடத்தில் பன்னிரண்டு திடீர்ச் சோதனை. ஆலைக்குக் கீழே உள்ள துண்டு அவள் பொறுப்பு. பன்னிரண்டும் நன்றாக வந்தால் அது குடிநீர்த் தரம் பெறும். அங்கே ஒரு நீரேற்று நிலையம் கட்டி, கீழே இருக்கும் மூன்று ஊர்களுக்குக் குழாயில் கொடுப்பார்கள். இடம்கூட அளந்து கல் நட்டாகிவிட்டது.

ஆறு மாதிரிகள் எடுத்தாள். ஆறும் பளிங்கு. ஒவ்வொரு முறையும் ஆலையின் கெமிஸ்ட் கையில் குடையோடு சிரித்த முகமாக வந்து நின்று, சாட்சிக் கையெழுத்தும் போட்டார். ஆலையின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கையெழுத்து போட்டால்தான் மாதிரி செல்லும் என்பது விதி.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது அங்கேதான். பாட்டிலில் இருந்த ஆறு வேறு, அவள் கண்ணில் பட்ட ஆறு வேறு. கரைக் கல்லைப் புரட்டினால் அடியில் சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தது. நாணல் தண்டில் முழங்கால் உயரத்துக்கு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. மீன் குஞ்சு ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. நல்ல தண்ணீர் ஓடும் இடத்தில் இதெல்லாம் எப்படி வரும்?

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். பாட்டிலைச் சரியாக அலசவில்லையோ? பழைய பாடநூலை எடுத்து, மாதிரி எடுக்கும் முறையை முதல் வரியிலிருந்து படித்தாள். ஒரு தப்பும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மாற்றிவிட்டார்களோ என்று ஒரு பாட்டிலில் வேண்டுமென்றே பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி அனுப்பினாள். இரண்டாம் நாளே அங்கிருந்து போன் வந்தது. "இது என்ன ஆறா, உங்க வீட்டு சமையலறையா?" ஆக, ஆய்வுக்கூடமும் ஒழுங்காகத்தான் இருந்தது.

பிறகு, சோதனைத் தேதி இல்லாத ஒரு நாளில் சும்மா ஆற்றுப் பாலத்தின் மேல் போய் நின்றாள். கீழே கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு போனது. படம் பிடித்துத் தலைமை அலுவலகப் பொறியாளருக்கு அனுப்பினாள்.

"போட்டோவுக்கு ஆக்சிஜன் அளக்கத் தெரியாதும்மா" என்றார் அவர் போனில்.

"அப்போ இன்னைக்கே ஒரு மாதிரி எடுக்கட்டுமா சார்?"

"நான் சொல்ற தேதியில எடுத்தாத்தான் அது மாதிரி. மத்த நாள்ல எடுத்தா வெறும் தண்ணி. கோர்ட்ல கிழிச்சுப் போடுவாங்க. நீங்க பிடிக்கிற நாள்ல ஏன் பிடிபடல, அதைப் பாருங்க."

பார்த்தாள். ஆலையின் தேக்கத் தொட்டி ஒன்றரை நாள் கழிவுநீரைத்தான் தாங்கும் என்று தம்பியே எப்போதோ சொல்லியிருக்கிறான். எப்போதும் மூடி வைக்க முடியாது. அவள் வரும் நாளுக்கு முந்தின நாள் தெரிந்தால்தான் மூடி வைத்து ஆற்றைத் தெளியவிட முடியும். பொறியாளர் முந்தின நாள் மதியம் அவளுக்கு மட்டும் போன் செய்வார். அப்படியென்றால் அந்த மதியத்துக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் யாரோ காது கொடுக்கிறார்கள், யாரோ வாய் கொடுக்கிறார்கள்.

தன் பக்கம் ஓட்டையே இல்லை என்று அவள் நம்பினாள். பாட்டில் காய்வதைப் பார்த்து யாரும் தேதியைக் கணக்கு போட்டுவிடக் கூடாதென்று, போகிற வாரமோ போகாத வாரமோ, எல்லா வெள்ளிக்கிழமையும் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தாள். வேனுக்கு டீசல் போடுவதுகூட வேறு நாளில்தான்.

வேன் ஓட்டுபவருக்கு 'சத்தியம்' என்று பட்டப்பெயர். மழை வரும் என்றாலும் சத்தியமா வரும் என்பார். இத்தனை சத்தியம் செய்பவர் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு மதியம், "நாளைக்குக் காலையில ஆலைக்குக் கீழ போறோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். பொய்தான்.

"சத்தியமா சொல்லமாட்டேன் மேடம். என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லமாட்டேன். அவகிட்ட நான் எதையுமே சொல்றதில்ல, அதான் வீட்ல சண்டையே."

மறுநாள் பஸ் பிடித்துத் தனியே போய்ப் பாலத்தில் நின்றாள். கடுந்தேநீர். சத்தியம் வாய் திறக்கவில்லை. அவளுக்கு நிம்மதிக்குப் பதில் ஏமாற்றம்தான் வந்தது. மிச்சம் இருந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாவது மாதிரியும் நன்றாக வந்த பிறகு, ஒருநாள் சாப்பிடும்போது, "நாளைக்குத் தண்ணி எடுக்கப் போறேன்" என்றாள், தட்டைப் பார்த்தபடி.

தம்பி நிமிர்ந்தான். "எதுக்கு என்கிட்ட சொல்ற? வீட்ல ஆபீஸ் விஷயம் பேசமாட்டியே."

"சும்மாதான்டா."

"சும்மாவா? நீ சும்மா மூச்சுகூட விடமாட்டியே." அவன் தட்டோடு எழுந்து போய்விட்டான்.

மறுநாளும் ஆறு கடுந்தேநீராகவே ஓடியது. தம்பியும் சொல்லவில்லை. ஆனால் அவள் மனது அங்கேயே நின்றது. பிறந்ததிலிருந்து கூட இருப்பவன், என் முகத்தைப் பார்த்தே பொய் என்று கண்டுபிடித்திருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. உண்மையான நாளில் சொல்வான். இப்படி யோசித்துவிட்டு அவள் தன்னையே வெறுத்தாள். எவன் சம்பாத்தியத்தில் பட்டம் வாங்கினாளோ அவனை அந்தப் பட்டத்தை வைத்தே வேவு பார்க்கிறாள். வெறுத்தாலும் வேவு பார்ப்பதை நிறுத்தவில்லை. போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள். அவன் வேலைச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் தடவிப் பார்த்தாள். ஒருநாள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி தேடுற?"

"சில்லறை இருந்தா மெஷின்ல போயிடும்மா."

"அவன் பையில நானே முப்பது வருஷமா ஒண்ணும் கண்டதில்ல" என்றாள் அம்மா.

பத்தும் பதினொன்றும் வந்தன, போயின. பளிங்கு, பளிங்கு. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் நன்றாக வந்துவிட்டால் மூன்று ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். அடியில் அவளுடைய பன்னிரண்டு கையெழுத்தும் முத்திரையும் இருக்கும்.

பன்னிரண்டாவது தேதிக்குப் போன் வந்தது. வழக்கமான ஏற்பாடெல்லாம் செய்து முடித்தாள். மறுநாள் விடிந்ததும் பொறியாளர் மறுபடி கூப்பிட்டார். "இன்னைக்கு வேண்டாம்மா. ஆய்வுக்கூடத்துல கரண்ட் போயிடுச்சு. வேற தேதி சொல்றேன்." வேன் டிரைவரிடம் அவள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தம்பி முந்தின நாளே இரண்டாம் ஷிப்டுக்குப் போய், அப்படியே கூட்டாளியின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கே வந்திருக்கவில்லை. அவள் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. எதற்கும் பார்த்துவிடலாமென்று பாலத்துக்குப் போனாள்.

ஆறு தெளிந்து ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். டிரைவருக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியாது. பொறியாளரா? அவர் சொல்லியிருந்தால் ரத்தானதையும் சொல்லியிருப்பாரே, இந்நேரம் திறந்துவிட்டிருப்பார்களே. நேற்று மதியத்திலிருந்து தான் செய்ததை ஒவ்வொன்றாக எண்ணினாள். போனை வைத்தேன். படிவம் எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஐஸ்கடையில் நின்று...

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

மாதிரி எடுத்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சூடு ஏறினால் மாதிரி கெட்டுப்போகும். காலையில் மீன்காரர்கள் எல்லாக் கட்டியையும் அள்ளிக்கொண்டு போய்விடுவதால், முந்தின சாயங்காலமே அரைக்கட்டி ஐஸ் சொல்லி வைப்பது அவள் வழக்கம். பொய்த்தேதி சொன்ன இரண்டு நாளும் அவள் ஐஸ் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் ஆறு அழுக்காகத்தான் ஓடியது.

நேரே ஐஸ்கடைக்கு நடந்தாள். கடைக்காரர் கோணிச் சாக்கை விலக்கி, "உன் கட்டி காலையிலேருந்து அழுதுட்டு இருக்கு தங்கச்சி. ஏன் வரல?" என்றார்.

"அண்ணே, எனக்கு எடுத்து வைக்கிறதை நீங்க யார்கிட்டயாவது சொல்வீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? ஐஸ் என்ன ரகசியமா?"

"யாரும் கேக்கமாட்டாங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஆலை கேன்டீன் பையன்... பையன் என்ன, அவனுக்கே நரைச்சிடுச்சு. அவன் தினமும் சாயங்காலம் வருவான். மீதி இருந்தா எல்லாத்தையும் குடுன்னு கேப்பான். அரைக்கட்டி பாட்டிலக்காவுக்குன்னு சொல்வேன். சரின்னு போயிடுவான். ஒருநாள்கூட சண்டை போட்டதில்ல, நல்ல மனுஷன்." சற்று நிறுத்தி, "அதுல என்ன தப்பு?" என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"உன் மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இல்லையே. ஐஸ்ல ஏதாவது கலப்படம்னு சொல்றாங்களா? நம்ம ஐஸ் சுத்தம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டில் கழுவி ஊரை ஏமாற்றியவள், பதினொரு தடவை நடுத்தெருவில் நின்று, "நாளைக்கு வர்றேன்" என்று தன் வாயாலேயே தண்டோரா போட்டிருக்கிறாள். தம்பியின் சட்டைப்பையில் அவள் தேடிய ஓட்டை அவள் வாயில் இருந்தது.

அன்று முதல் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் உறைய வைத்தாள். தேதி எப்போது வரும் என்று தெரியாததால் தினமும் வைத்தாள். டப்பா, டம்ளர், பழைய எண்ணெய் கேன் என்று உறைபெட்டி பிதுங்கியது. யாரிடமும் காரணம் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தாள். சொன்னால், இத்தனை மாதமாக அவனைச் சந்தேகப்பட்டதையும் சொல்ல வேண்டும். தவிர, தெளிந்த ஆற்றைப் பார்த்த அன்றும் வால்வை மூடி நின்றது அவன்தானே? மூடச் சொன்னது அவள் வருவதால் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"என்னக்கா, துருவக் கரடி ஏதாவது வளர்க்கப் போறியா?" என்று தம்பி உறைபெட்டியைத் திறந்தபடி கேட்டான்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒத்தடம்."

உள்ளே இருந்த அம்மா, "எந்த முழங்காலுடி?" என்று கேட்டுவிட்டு, மகளின் பார்வையைப் பார்த்து, "ரெண்டும்தான்" என்றாள்.

ஒன்பதாம் நாள் மதியம் பொறியாளர் தேதி சொன்னார். மறுநாள் காலை ஐஸை ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, வேனில் ஏறிய பிறகுதான் சத்தியத்திடம் இடத்தைச் சொன்னாள். ஆற்றங்கரை வளைவில் திரும்பியதும் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "சத்தியமா மேடம், இப்படி ஒரு நாத்தம் இந்த வருஷத்துல பார்த்ததே இல்ல."

கழிவுநீர்க் குழாய் முழு வாயோடு கொட்டிக்கொண்டிருந்தது. மேலே மேடையில், இரும்புச் சக்கரத்தின் பக்கத்தில், தம்பி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த டீ டம்ளர் அப்படியே நின்றது.

அவள் நூறு தப்படி கீழே போய் முழங்கால் ஆழத்தில் இறங்கினாள். ஓட்டத்துக்கு எதிரே நின்று பாட்டிலை மூன்று முறை அலசி, நான்காவது முறை நிரப்பினாள். கண்ணாடி பாட்டிலில் குமிழி இல்லாமல் தண்ணீரைப் பிடித்து இரண்டு மருந்துகளை விட்டுக் குலுக்கினாள். நல்ல தண்ணீர் என்றால் அடியில் பழுப்பாகப் படியும். இதில் வெள்ளையாகப் படிந்தது. தண்ணீருக்குள் மூச்சுவிடக் காற்றே இல்லை என்று அர்த்தம்.

பாட்டில்களோடு அவள் மேடையின் அடிக்குத் திரும்பியபோது, மேலே தம்பியின் போன் அடித்தது. கெமிஸ்டின் குரல் அவளுக்கே கேட்டது. வாசல் காவலாளி வேனைப் பார்த்துவிட்டிருக்கிறான். "மூடுடா! உடனே மூடு!" தம்பி சக்கரத்தில் கை வைத்து, அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல், எப்போதும் சுற்றுவது போலச் சுற்றி மூடினான். அதற்குள் ஆறு பாட்டிலும் ஐஸில் இருந்தன.

சாட்சிக் கையெழுத்து பாக்கி. கெமிஸ்ட் வரவில்லை. போன் மறுபடி அடித்தது. தம்பி கேட்டுக்கொண்டான், "சரி சார்" என்றான், வைத்தான்.

"நான் இங்க இல்லைன்னு சொல்லச் சொல்றார். ஆலை ஆள் யாருமே இல்லாதப்போ எடுத்ததுன்னு எழுதிக் குடுத்துடுவாராம்."

அவள் படிவத்தை நீட்டியபடி படியில் நின்றாள். "நீ இருக்கியே."

"இருக்கேன்." அவன் படிவத்தை வாங்கவில்லை. "நீ வர்றது இன்னைக்குத்தான் எனக்குத் தெரியாது. மத்த பதினொரு தடவையும் தெரியும். மூடுன்னு சொன்னாங்கன்னா மறுநாள் நீ வருவே."

"ஒரு தடவைகூட என்கிட்ட சொல்லலையேடா."

"நீ கேட்டியா? என் சட்டைப் பையைக் கேட்டே. அம்மா சொன்னா. என்னைக் கேக்கல." அவன் குரல் உயரவில்லை. "நான்தான் சொல்றேன்னு நினைச்சியா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்தது. "ஆமா" என்றாள். "ஆறு மாசமா."

அவன் டம்ளரில் மீதியிருந்த டீயைக் கீழே கொட்டினான். பிறகு கையை நீட்டிப் படிவத்தை வாங்கினான். பள்ளியோடு படிப்பை விட்டவன், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். இடம், நேரம், வெப்பம். 'ஆலைப் பிரதிநிதி' என்ற இடத்தில் விரல் நின்றது. "நான் பிரதிநிதியா? உள்ள என்னை டேய்னுதான் கூப்பிடுவாங்க." மேலே போனான். நிறம் என்ற கட்டத்தில் மறுபடி நின்றது.

"இளம் பழுப்புன்னு எழுதியிருக்கே."

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான்.

"இதுவா இளம் பழுப்பு? ஆத்தைப் பாரு." அவன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான். "எனக்காகத்தானே குறைச்சு எழுதினே? அப்படியே நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பூசி மெழுகினோம்னு சொல்வாங்க. மாத்து."

அவன் வேலை போய்விடுமே என்று ஒரு கணம் நினைத்தது அவளுக்கு நினைவிருந்தது. பேனா அந்த ஒரு கணத்துக்குள் எழுதிவிட்டது நினைவில் இல்லை. 'இளம்' என்பதை அடித்துவிட்டு, 'கரும்' என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் வைத்தாள். தம்பி கையெழுத்துப் போட்டான். பள்ளிக்கூடப் பையன் எழுதுவது போல முழுப் பெயரையும் எழுதினான்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. பதினொரு நல்ல பாட்டிலை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தக் கெட்ட பாட்டிலுக்கு மட்டும் விசாரணை வைத்தார்கள். மாதிரி எடுத்தவள் அக்கா, சாட்சி தம்பி, இருவரும் சேர்ந்து ஆலைமேல் பழி போடுகிறார்கள் என்று ஆலை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது. நகரத்து அலுவலகத்தில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க தம்பியோட முன்னாடியே பேசி வைச்சுத்தான் போனீங்களா?"

"பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றாள் அவள். "நான் அவனை நம்பல. அதனால பேசல." ஐஸ்கடையையும் அரைக்கட்டியையும் பதினொரு சாயங்காலத்தையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, படித்த பெண்ணின் மடத்தனம் மூன்று முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் மேசைமேல் கிடந்தது. நடுவில் இருந்தவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். ஓரத்தில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், "அப்போ அந்தப் பதினொண்ணையும் எப்படி நம்புறது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு தம்பியைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. அவன் உள்ளே என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் முடிவைப் படித்தார்கள். பன்னிரண்டும் செல்லாது. அந்தத் துண்டுக்கு இந்த வருடம் தரம் இல்லை. வேறு அலுவலக ஆட்கள் புதிதாக ஒரு வருடம் சோதனை எடுப்பார்கள். அதுவரை நீரேற்று நிலைய வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். ஐஸ் எந்திரம் ஒன்று அலுவலகத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். அவளை வேறு ஆற்றுக்கு மாற்றியிருந்தார்கள். தம்பியை ஆலை ஏற்கெனவே மரக்கட்டை அடுக்கும் கிடங்குக்குத் தூக்கிப் போட்டிருந்தது.

இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தான் தம்பி.

"ஜெயிச்சியா, தோத்தியா?" என்றான், ரோட்டைப் பார்த்தபடி.

"தெரியலடா."

"அந்தத் தண்ணியை எடுக்கப் போறாங்களா?"

"இப்போதைக்கு இல்ல. அடுத்த வருஷம் பார்ப்பாங்க."

"அப்போ மூணு ஊரும் ஒரு வருஷத்துக்குத் தப்பிச்சுது." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மரக்கட்டை தூக்கி முழங்கைக்குக் கீழே சிராய்ப்பு.

உள்ளே எனக்காகப் பேசினானா, தனக்காகப் பேசினானா, இல்லை கெமிஸ்ட்மேல் இருந்த கடுப்பில் பேசினானா? படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் எதற்காக? அவள் அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்து வழக்கம்போல் துருவத் தொடங்கினாள். பஸ் வந்து நின்றது. அவன் முன்னால் போய்க் கதவருகே நின்று அவளுக்கு வழிவிட்டான்.

அவள் ஏறவில்லை. "கோபம் போயிடுச்சாடா?" என்று கேட்டாள்.

அவன் பஸ் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் இல்ல" என்றான். "ஏறு."